ஸலீம் நானா பறித்த கற்கள்

காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது போன் வந்தது. “அக்கா, வாப்பா மௌத்தாகிட்டாங்க” என்றாள் ஸலீம் நானாவின் மகள். வேனை ஓரங்கட்டினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பெடலிலிருந்து காலை எடுத்து, வேன் நிற்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் அழுதேன்.

அலுவிகாரையில் அவருடைய கராஜுக்குப் போன எல்லோருக்கும் அவர் வாய் தெரியும். “சரியான பிடிவாதக்காரன்” என்று ஜனாஸா வீட்டு வாசலிலேயே ஒருவர் முணுமுணுத்தார். ஆமாம், பிடிவாதக்காரர்தான். அவருக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டிக்கு நம் பக்கத்து வைத்தியம் ஒரு கல். சீட்டுக்கு அடியில் வைத்திருந்து, மேட்டில் நிறுத்தும்போது டயருக்கு முட்டுக் கொடுப்போம். நானா முதலில் அந்தக் கல்லைத்தான் பறிப்பார். ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்து, கராஜ் முன்னாலுள்ள சரிவில் நிறுத்தி, பெடலிலிருந்து காலை எடுத்துக் காட்டிய பிறகே சாவி தருவார். பறித்த கற்களை அடுக்கி கராஜுக்கு வாசற்படியே கட்டிவிட்டார். அதில் என் கல்லும் ஒன்று உண்டு.

அப்போது நான் ஒரு முதலாளியின் பழைய பாடசாலை வேனை ஓட்டினேன். ஒருநாள் யட்டவத்தயிலிருந்து இறக்கத்தில் வரும்போது பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. பின்னால் பதினொரு பிள்ளைகள். நானா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: “கால் பிரேக் எண்ணெயில வேல செய்யும், கை பிரேக் கம்பியில. எண்ணெ போனாலும் கம்பி இருக்கும் தங்கச்சி. ஆனா பின் டயர் ரெண்டத்தான் பிடிக்கும். வெடுக்குன்னு இழுத்துராத.” கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கியபடி இழுத்தும் விட்டும், மண்மேட்டில் உரசி ஒருவாறு நிறுத்தினேன். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

ஓடிவந்த பெற்றோர் முன்னால் முதலாளி சொன்னார்: “ஹேண்ட் பிரேக்க எறக்காமலே ஓட்டியிருக்கா. சூடாகி பிரேக் போயிருச்சு. பொம்பளகிட்ட வேன குடுத்தது என் தப்பு.” அதை அவர்கள் நம்பியிருந்தால் எந்தத் தாயும் மறுபடி என்னிடம் பிள்ளையை விட்டிருக்க மாட்டாள். எனக்குத் தெரிந்த தொழிலோ இது ஒன்றுதான்.

முதலாளியின் மூன்று வேன்களும் நானாவிடம்தான் போகும். அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பெற்றோரைக் கராஜுக்குக் கூப்பிட்டு, அவர்கள் கண்முன்னே பின் டயரைக் கழற்றினார். “பின்னால கால் பிரேக்கும் கை பிரேக்கும் இந்த ஒரே பிரேக் ஷூவத்தான் தள்ளுது. இழுத்துக்கிட்டே ஓடியிருந்தா இது கருகியிருக்கணும். கருகியிருக்கா, பாருங்க.” கருகவில்லை. அடுத்து, முன் டயர்ப் பக்கம் வெடித்துக் கிடந்த எண்ணெய்க் குழாயைக் காட்டினார். “இத மாத்தச் சொன்னேன். முதலாளி வேணாம்னாரு. சாவிய குடுத்தது என் தப்பு. ஓட்டினவ மேல ஒரு தப்பும் இல்ல.”

அத்தோடு அந்த மூன்று வேன்களும் அவருக்கு இல்லாமல் போயின. என் வேலையும் போனது. ஆனால் அதே பெற்றோர்தான் என்னைத் தேடி வந்தார்கள். இன்று நான் என் சொந்த வேனில் அவர்கள் பிள்ளைகளை ஏற்றுகிறேன்.

ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப் போன பிறகு வெளியே வந்தேன். வீட்டுக்கு மேலே சரிவில் முதலாளியின் வேன் நின்றது. பின் டயருக்கு அடியில் ஒரு கல். கீழே ஒழுங்கையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு, முதலாளி அடக்கம் முடிந்து வரும்வரை அங்கேயே நின்றேன்.

“முதலாளி, ஏறி பிரேக்க மிதிங்க. கல்ல எடுக்கப் போறேன்.”

“மையத்து வீட்டுல என்ன பிள்ள சண்ட?”

“இந்த மையத்து வீடுங்கிறதாலதான்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றதால் ஏறினார். கல்லை உருவினேன். வேன் ஒரு சாண் நழுவி, அவர் அழுத்தி மிதித்ததில் நின்றது.

“இப்ப நான் எப்பிடி எறங்குறது?”

“ஏதாவது ஒரு கராஜுக்குப் போங்க. சரி பண்ணிட்டு எறங்குங்க.”

அந்தக் கல்லை அன்றே நானாவின் வாசற்படியில் சேர்த்துவிட்டேன். அவருடைய பிடிவாதத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் அதை விடப்போவதில்லை.