ஆடி மாதத்துப் பொங்கல்

உத்ரெக்ட் நகரத்தில் என் பக்கத்து வீட்டு ஹன்னாவுடன் ஒரு வாய் காபி குடிக்க வேண்டுமானால் நாள் குறிக்க வேண்டும். டைரியைப் புரட்டி, உதட்டைப் பிதுக்கி, அடுத்த மாதத்தில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையைத் தருவாள். இங்கே அதற்கு 'அஃப்ஸ்ப்ராக்' என்று பெயர். நம்மூரில் பெண் பார்க்கக்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது. வந்த புதிதில் போனில் இதைச் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "காப்பித் தண்ணிக்கு நாள் குறிக்கிறாங்களா? இன்னா ஊர்டி அது!"

போன ஜூலையில், அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றபோது ஹன்னா கேட்டாள்: "அம்மாவிடம் அஃப்ஸ்ப்ராக் வாங்கிவிட்டாயா?" நான் சிரித்தேன். எங்கள் ஊரில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான் என்று பெருமையடித்தேன். வீட்டில் சொல்லாமல்தான் கிளம்பினேன். பல வருடம் கழித்துப் போகிறேன், என்னைப் பார்த்ததும் அம்மா என்ன செய்வாள் என்று விமானம் முழுக்க அதே நினைப்பு.

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பொங்கல் நடந்துகொண்டிருந்தது. ஆடி மாதத்தில்! தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கர் கூழ் ஊற்ற அழைக்க, இங்கே ஜூஸ் கடைக் கரும்பைக் கட்டி, கொம்பில் பெயிண்ட் காயாத மாடு ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தாத்தா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். எங்கள் பரம்பரையில் ஒரு கன்றுக்குட்டிகூடச் சொந்தமாக இருந்ததில்லை.

அம்மா பட்டுப்புடவையில், ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். பெட்டியைக் கீழே வைத்துக் கையை விரித்தேன். என்னைத் தாண்டிப் போய், பின்னால் வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணியைக் கட்டிக்கொண்டாள். "என் கண்ணு, இப்டி இளைச்சுப் பூட்டியே!" அந்தப் பெண்மணி என்னைப்போல் இரண்டு மடங்கு இருந்தாள், தேம்பித் தேம்பி அழுதாள். அதற்குப் பிறகுதான் அம்மா என்னைப் பார்த்தாள். "அடியே, நீ எப்டி வந்தே? கொஞ்சம் ஓரமா நில்லு, போட்டோல வுழுறே."

எல்லாம் என் தம்பி சேகரின் தொழில். வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த விடுமுறை. "அவங்களுக்கு ஜூலைலதான்க்கா லீவு. பொங்கல் கேட்டா பொங்கல், தீவாளி கேட்டா தீவாளி. மாடு குட்டியானை வண்டில வந்து எறங்கிடும். ஆனா அம்மாதான் மெயின் ஐட்டம்."

"பெத்தவளை வாடகைக்கு விடுறியாடா? வெட்கமா இல்லை?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவன இன்னாத்துக்குத் திட்றே? எனக்குப் புட்சித்தான் செய்றேன். நீ போன்ல வர்றே. இவங்க நேர்ல வர்றாங்க."

சுருக்கென்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மாடி அறை விருந்தாளிகளுக்கு, எனக்கு ஹாலில் பாய். விருந்தாளிகளுக்கு அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். என்னைப் பார்த்து, தட்டைக் கழுவிட்டு வை என்றாள். "எங்கிட்ட எப்பம்மா பேசுவே?" என்றேன். விரல்விட்டு எண்ணினாள். "நாளைக்குத் தீவாளி. அப்பால ஒரு காதுகுத்து. வியாழக்கெழம சாயங்காலம் சும்மாதான் கீறேன்." எனக்கு ஹன்னாவின் முகம் ஞாபகம் வந்தது. நாசமாய்ப் போக, அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை அம்மா பழைய நைட்டியில், கால் நீட்டி உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அந்த 'இளைச்சுப் பூட்டியே' வேண்டியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி இப்டி ஊதிக் கீறே? கழுத்தெல்லாம் கறுப்பு. டாக்டராண்ட காட்னியா இல்லியா?"

இதை வேனில் வந்த யாருக்கும் அவள் சொல்லவில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

"ஊரான் புள்ளய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னுவாங்க. நீ நல்லாவே வளந்து கீறே," என்று சிரித்து, என் கண்ணை நைட்டி ஓரத்தால் துடைத்தாள். "அழுவாத. அடுத்த வாட்டி சொல்ட்டு வா, வேற புக்கிங் எதுவும் எடுக்க மாட்டேன்."

உத்ரெக்ட் திரும்பிய பிறகு சேகர் தன் விளம்பரப் படத்தை அனுப்பினான். குறித்த செவ்வாய்க்கிழமை வந்த ஹன்னாவிடம் காட்டினேன். அம்மா அந்தப் பெண்மணியை இறுக அணைத்திருந்தாள்.

"உன் அக்காவா?"

"இல்லை, வாடிக்கையாளர்."

"அப்படியானால் மகள் எங்கே?"

படத்தின் ஓரத்தில் விழுந்திருந்த ஒரு பெட்டியையும், பாதித் தோளையும், விரித்தபடியே நின்றுவிட்ட ஒரு கையையும் தொட்டுக் காட்டினேன்.