கட்டில் காலடியில் பேசியவை

1. அசையாத கருமணி

லெட்சுமியின் கண்மடல்களை விரலால் உயர்த்தி ரோர்ச் அடித்தேன். கருமணி இரண்டும் விரிந்தபடியே நின்றன. நெஞ்செலும்பில் விரல்முட்டியை வைத்து அழுத்திப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. தொண்டைக்குள் ரியூப் போட்டபோதும் அவள் இருமவில்லை. அதனால் அவளுக்கு மயக்க மருந்து கொடுக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மன்னார்த் தீவில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நான் அங்கே ஒரு வாட்டுக்குப் பொறுப்பான தாதி உத்தியோகத்தர். ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்தன. அந்த வயதில் கலாநிதிப் பட்டத்துக்கு, பிஎச்டிக்கு, பதிந்திருந்தேன். எவிடன்ஸ் பேஸ்ட் பிரக்டிஸ் என்று நாங்கள் சொல்லும் விடயந்தான் என் ஆய்வு. பழக்கத்தையும் மேலிடத்துச் சொல்லையும் மட்டும் நம்பிக்கொண்டிராமல், ஆய்வுகள் காட்டுவதையும் நோயாளி சொல்வதையும் சேர்த்து எடைபோட்டுப் பராமரிப்பது. அதற்கு எங்கள் கரையோரத்துத் தாதிமார் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதே என் கேள்வி. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆயத்தம் இல்லை என்ற பதில் தொடங்கும்போதே என் மனதில் இருந்தது. அந்தப் பதிலுக்குள் என்னை நான் வைத்துப் பார்க்கவில்லை.

லெட்சுமி உயிலங்குளத்துப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். விடிய எழும்பும்போதே வயிற்றுவலி. பிறகு கண்மடல் தொங்கி, நாக்குக் குழறி, விழுங்க முடியாமல் போய்விட்டது. கணவன் முருகையா ஓட்டோவில் ஏற்றி வந்தான். அனுமதிக்கும் இடத்தில் பாம்பு ஏதும் கடித்ததா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியவில்லை என்றிருக்கிறான். உடம்பில் கடி அடையாளம் இல்லை, வீக்கமும் இல்லை. எங்கள் வாட்டுக்கு வரும்போது மூச்சு நின்றுபோகும் நிலையில் இருந்தது. மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று முடிவு கட்டினோம்.

ஐசியுவில் வென்டிலேட்டர் ஒன்றும் ஓய்வாக இல்லை. ரியூபின் வாயில் அம்பு பாக்கைப் பொருத்தி, அந்தக் காற்றுப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அவளுக்கு மூச்சுக் கொடுத்தோம். கை ஓய்ந்தால் அவள் இல்லை. அன்று அவ்வளவுதான் அவளுக்கும் சாவுக்கும் இடையில் இருந்தது.

2. காற்று அடித்தவர்கள்

என்னோடு அன்று வேலையில் நின்றவர் ஸ்ரெலா. நாங்கள் பலகாலம் ஒன்றாக வேலை செய்தவர்கள், வாய்க்கு வாய் பதில் சொல்லிப் பழகியவர்கள்.

"அண்ணை, கை விறைச்சுப் போச்சு. ஒரு மனிசி எவ்வளவு நேரம் இதை அமத்தலாமெண்டு உங்கட எவிடன்ஸ் சொல்லேல்லையோ?"

"வாய் காட்டாமல் அமத்தச் சொல்லுது."

"கலாநிதி ஐயா சொன்னால் அப்பீல் இல்லை." கையை மாற்றிக்கொண்டே லெட்சுமியின் முகத்தைப் பார்த்தார். "பாவம், நல்ல இளம் பிள்ளை."

நான் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வாட்டில் எல்லாமே அங்கே நின்றுதான் பேசப்படும். டொக்டர்மார் றவுண்ட்ஸ் வந்து நிற்பதும் அங்கே, நாங்கள் டியூட்டி ஒப்படைப்பதும் அங்கே. கட்டிலில் கிடப்பவரைப் பற்றி அவர் தலைக்கு மேலால் எங்கள் குரல் போய்வரும்.

"என்ன பாவம்?" என்றேன். "இந்தச் சனத்துக்கு எத்தினை தரம் சொன்னாலும் விளங்காது. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தூக்கிக்கொண்டு வருதுகள்."

அந்தச் சொற்களை நான் மாற்றாமல் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் டொக்டர் என் படிப்பை மதித்தவர். அவரும் காலடியில் வந்து நின்றார். "ஐயா, பியூப்பிள்ஸ் ரெண்டும் ஃபிக்ஸ்ட். கன்சல்டன்டுக்குக் கோல் எடுக்கப் போறன். தொடர்ந்து அடிக்கிறதில பிரயோசனம் இருக்கெண்டு நினைக்கிறீங்களோ?"

"இல்லை டொக்டர். ஆள் முடிஞ்சுது. நாங்கள் சும்மா காத்தடிச்சுக்கொண்டு நிக்கிறம்."

அவர் தலையாட்டிவிட்டுத் தொலைபேசியோடு வெளியே போனார்.

லெட்சுமியின் இடது கண்ணோரத்திலிருந்து நீர்த்துளி ஒன்று ஊறி, கன்னத்தால் இறங்கி, காதுக்குள் போனது. ஸ்ரெலா பையை அமுக்குவதை ஒரு கணம் விட்டுவிட்டார்.

"அண்ணை, அழுறா போல கிடக்கு."

"கண் சரியா மூடாமல் கிடந்தால் தண்ணி வரும். புதுசோ உமக்கு?"

கோஸ் துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் திரும்பவும் ஊறியது. கண்மடல்களை இழுத்து மூடி பிளாஸ்ரர் ஒட்டினேன்.

3. மடு மண்

வாட் வாசலில் முருகையா நின்றான். கையில் முடிந்த துணித்துண்டு.

"சார், மடு மண்ணுங்க. நெத்தியில கொஞ்சம் பூசிக்கட்டுங்களா?"

மடு மாதா கோயில் மண் எதற்கு என்று இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்று பேதம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பார்கள். பாம்புக்கு. என் வீட்டு அலுமாரியிலும் ஒரு பொட்டலம் இருந்தது, மனைவி வைத்தது. இருந்தும் அவன் கையில் அதைக் கண்டதும் எனக்குள் எழும்பியது கலாநிதி மாணவன்.

"இது ஆஸ்பத்திரி, கோயில் இல்லை. மண்ணைப் பூசி இன்ஃபெக்சன் வந்தால் ஆர் பதில் சொல்லுறது? படிச்ச நாங்கள் நிக்கிறம்தானே. போய் வெளியில இரும்."

அவன் போனான். ஏன் மண் என்று நான் கேட்கவில்லை. வயிற்றுவலிக்கும் பாரிசவாதத்துக்கும் மடு மண் கொண்டுவரும் ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்படி இருந்தும் கேட்கவில்லை.

நான் மருந்தறைக்குப் போய்த் திரும்பும்போது லெட்சுமியின் நெற்றியில் மண் இருந்தது. முருகையா கட்டிலருகே நின்றான். ஸ்ரெலா பையை அமுக்கியபடி வேறு பக்கம் பார்த்தார்.

"நான் என்ன சொன்னனான்?" என்று கத்தினேன்.

அவன் கை கூப்பினான். "பாம்புக்குன்னுதான் சார் வச்சிருக்கோம். வேற ஒண்ணும் இல்லைங்க."

"பாம்போ? இப்ப ஏன் பாம்பைப் பற்றிக் கதைக்கிறீர்?"

"நெசமாத் தெரியாதுங்க. கீழதான் படுக்கிறோம். தூக்கத்துல என் கால் மேல குளுகுளுன்னு ஒண்ணு போச்சு. அவ பக்கமாத்தான் போச்சு. எலின்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். இங்க கேட்டாங்க, பாக்கலைன்னேன். கடி இல்லைன்னுட்டாங்க. அப்புறம் யாரும் கேக்கலைங்க சார்."

கண்டங்கருவளை, கட்டுவிரியன் இனத்துப் பாம்பு. நிலத்தில் படுப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி தெரியாது. பல் பதிந்த இடத்தைத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். முதலில் வயிற்றுவலி, பிறகு கண்மடல், பிறகு மூச்சு. கருமணி கூட அசையாமல் நிற்கும், பிரேதம் போல ஆள் கிடக்கும், உள்ளே நினைவு முழுதாக இருக்கும். இதை அண்மையில்தான் மாணவத் தாதிமாருக்கு வகுப்பெடுத்தேன். 'காது கேட்கும்' என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

டொக்டர் விறாந்தையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அப்படி நான் ஒரு டொக்டரைத் தொட்டதில்லை.

"டொக்டர், பாம்பு. கருவளையா இருக்க வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார். நான் கட்டிலடிக்குத் திரும்பியபோது ஸ்ரெலாவின் கை தளர்ந்திருந்தது. "விடாதையும், அமத்தும்!" என்றேன். விஷமுறி மருந்து ஏறத் தொடங்கியது. டொக்டர் ஐசியுவுக்கே நேரில் போய் நின்று ஓர் இடம் எடுத்து வந்தார். கண்ணில் ஒட்டிய பிளாஸ்ரரை நான் மெதுவாக உரித்தேன். உள்ளே கண் ஈரமாக இருந்தது. எங்கேயும் பார்க்காத அந்தக் கண் என்னைப் பார்க்கிறதென்று நினைத்தேன்.

"அண்ணை," ஸ்ரெலா காதோடு கேட்டார், "அப்ப இவ்வளவு நேரமும்..."

அதன்பின் அந்தக் கட்டிலைச் சுற்றி எவரும் வாய் திறக்கவில்லை. பை அமுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

4. திரைக்கு அந்தப்பக்கம்

லெட்சுமி பிழைத்தாள். மூச்சுத் திரும்ப நாள் எடுத்தது. ரியூபைக் கழற்றினார்கள், கதைக்கிறாள் என்று செய்தி வந்தது.

"போய்ப் பாருங்கோவன் அண்ணை. எல்லாரும் போயிட்டு வந்திட்டம், நீங்கள்தான் மிச்சம்."

வேலை இருக்கிறதென்று தள்ளிப் போட்டேன். ஒருநாள் பின்னேரம் போனேன். அவள் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எப்பிடி இருக்கு பிள்ளை?"

அவள் உடனே திரும்பவில்லை. முதலில் கை போய்ப் போர்வையை இறுக்கிப் பிடித்தது. பிறகுதான் முகம் வந்தது.

"நீங்கதானா சார்? கொரல் தெரியும். மொகம் வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

நான் உட்காரக் கதிரை தேடினேன். அவள் கம்மிய குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மூச்சு என்னோடது இல்ல சார். யாரோ உள்ள வந்து வந்து போற மாதிரி. அந்த மிஸ்ஸு கை மாத்துறப்போ வராது. இனி வராதுன்னு நெனப்பேன், வந்துரும். முடிஞ்சுதுன்னு நீங்க சொன்னீங்க. இல்ல சார், இருக்கேன்னு கத்தினேன். எனக்கு மட்டுந்தான் கேட்டிச்சு. அப்புறம் கண்ண ஒட்டினீங்க."

"மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"அது போகட்டும் சார். பக்கத்துல ஒரு பெரியவரு இருந்தாரே, துணித் திரைக்கு அந்தப்பக்கம்? அவரு எழும்பிட்டாரா?"

அந்த மனிதர் கீரிக் கிராமத்தைச் சேர்ந்தவர், கடல் தொழில் செய்தவர். பெரிய ஸ்ரோக், பாரிசவாதம். நினைவில்லாமல் கிடந்தார், மூச்சு மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. லெட்சுமி வந்த அன்று மத்தியானம், அவளுக்கு ஐசியுவில் இடம் கிடைக்கும் முன்பு, அவருடைய மகனிடமும் நான் பேசியிருந்தேன். அதே குரலில், கட்டில் காலடியில் நின்று: "பின்னேரம் தாண்டாது. சொந்தக்காரருக்குச் சொல்லுங்கோ. பெட்டிக்கும் சொல்லி வைக்கிறது நல்லது." பின்னேரத்துக்கு முன்பே அவர் போய்விட்டார்.

"அவர் மோசம் போயிட்டார் பிள்ளை. அவருடையது வேறை வருத்தம். அவருக்கு நினைவு இருக்கேல்லை."

லெட்சுமி தலையை மெல்ல ஆட்டினாள்.

"இருந்திச்சு சார். அவரு மூச்சு மெதுவா வந்துக்கிட்டிருந்திச்சு. அதத்தான் நான் தொணையாக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். நீங்க பெட்டின்னு சொன்னீங்க. மூச்சு நின்னுபோச்சு. அப்புறம் வேகமா வந்திச்சு, ஓடுற மாதிரி. நீங்க எல்லாரும் போயிட்டீங்க. அவரு ரொம்ப நேரம் ஓடினாரு சார்."

5. ஆயத்தம்

ஸ்ரோக் வந்த மூளையில் மூச்சு நின்றும் விரைந்தும் வரும். அதற்குப் பெயர் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. படித்திருக்கிறேன். அதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்புவதற்கு எல்லா நியாயமும் உண்டு. வீட்டில் மின்விசிறி நின்று பிறகு விரைந்து சுழலத் தொடங்கினால் நான் அறையை விட்டு எழுந்து போகிறேன்.

கலாநிதிப் பட்டம் கிடைத்தது. வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில், உங்கள் ஆய்வில் உங்களை ஆச்சரியப்படுத்தியது எது என்று பரீட்சகர் ஒருவர் கேட்டார். ஆள் பற்றாக்குறை, வாசிக்க நேரமின்மை, மேலிடத்து ஆதரவு இல்லாமை என்று சொன்னேன். அவை பொய் இல்லை. லெட்சுமியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆதாரத்தைக் கற்பித்த ஒருவன், பலகையில் எழுதியதைக் கட்டிலருகே மறந்தான் என்பதும், நோயாளியின் பக்கத்திலிருந்து வந்த ஒரே தடயத்தை மண் என்று சொல்லி வாசலில் மறித்தான் என்பதும் என் ஆய்வில் எங்கும் இல்லை. 'தாதிமார் முழு ஆயத்தத்தில் இல்லை' என்று அதில் எழுதியிருக்கிறேன். வாசிப்பவர்கள் அது மற்றவர்களைப் பற்றியது என்று நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது சிறியது. ஆய்வுகளைத் தேடி வாசியுங்கள், எடைபோடப் பழகுங்கள், படிக்கக் கிடைத்தால் கடைசி வரை படியுங்கள். ஆனால் ஆதாரம் என்பது படித்தவர் வாயிலிருந்து மட்டும் வரும் என்று எண்ணாதீர்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தால், ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பூசுவதை மறிப்பது பிறகு இருக்கட்டும். கட்டில் காலடியில் நின்று பேசாதீர்கள். தலைமாட்டுக்குப் போங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவருக்கே சொல்லுங்கள். அவர் கேட்கிறார் என்று நிரூபணமாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை கீரிக்குப் போனேன். அந்தப் பெரியவரின் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"சேர், வாங்கோ வாங்கோ! அண்டைக்கு நீங்கள் நேரத்துக்குச் சொன்னபடியாத்தான் எல்லாம் ஒழுங்காச் செய்யக் கிடைச்சுது. இல்லாட்டி நாங்கள் பதறிப் போயிருப்பம். அம்மா இப்பவும் உங்களைச் சொல்லுறவ."

தேத்தண்ணி வந்தது. அவன் என் முன்னால் மணலில் குந்தி இருந்தான்.

"அப்பு ஒண்டும் தெரியாமல், நிம்மதியாத்தானே போனவர், என்ன சேர்?"

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்," என்றேன்.

அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.