அன்று நான் மந்திரித்தது யாரை?

பங்குச் சாமியார் வேலை என்றால் பூசை வைப்பதும் பிரசங்கம் பண்ணுவதும்தான் என்று நினைத்து வந்தவன் நான். பாதி நாள் மந்திரிப்பதிலேயே போய்விடும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து புதுத் தறி, புது ஆட்டோ, புளியங்குடி எலுமிச்சை லாரி என்று எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்திருக்கிறேன். பனவடலிசத்திரத்தில் ஒரு போர்வெல்லை மந்திரித்தேன். தண்ணீர் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி போனேன்.

அதிலெல்லாம் எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. பிறகு ரோமிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ வந்து கேட்டால் ஆசீர்வாதம் கொடுக்கலாம். ஆனால் அது கல்யாணம் ஆகாது, கல்யாணம் மாதிரித் தெரியவும் கூடாது. எதிரே ஆள் நிற்க, கையிலிருக்கிற சுற்றறிக்கை பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற அரசு ஊழியர்களே, வங்கிக்காரர்களே, என் பாடு உங்களுக்குத் தெரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

உபதேசியாரின் சுருக்கம்

முதலில் மாட்டியது எங்கள் உபதேசியார் சூசையிடம். கோயில் மணி அடிப்பதிலிருந்து ஞானஸ்நான நோட்டு எழுதுவது வரை அவர்தான். ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் போனை நீட்டினார். “சாமி, ரெண்டு ஆம்பளைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாம்னு ரோம்ல சொல்லிட்டாவளாமே? வாட்ஸ்அப்ல வந்திருக்கு.”

நான் பொறுமையாக விளக்கினேன். கல்யாணம் இல்லை, ஆசீர்வாதம். பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது கிடையாது, மோதிரம் கிடையாது. அவர்கள் சேர்ந்திருப்பதை ஆசீர்வதிப்பதில்லை, சேர்ந்து வந்து நிற்கிற ஆட்களை ஆசீர்வதிக்கிறோம். சொல்லச் சொல்ல எனக்கே கால் வழுக்கியது. அவர் நாடியில் கை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்போ குடுக்கலாம். ஆனா குடுத்த மாதிரி தெரியப்படாது. அப்படித்தான சாமி?”

கூடப் படித்தவன் சொன்ன வழி

என்னோடு குருமடத்தில் படித்தவன் ஒருவன் இப்போது மேலே, ஆயர் ஆபீஸ் பொறுப்பில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். யாராவது வந்து கேட்டார்களா என்றான். இல்லை என்றேன். “கேக்கட்டும், பாத்துக்கலாம்” என்றான்.

“கேட்டா என்ன பாக்கதுன்னுதான் நான் இப்பவே கேக்கேன்” என்றேன். எதிர்ப்பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவனுக்கும் தெரியவில்லை என்று புரிந்தது. அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட. கடைசியில் குரலை உயர்த்தினான்: “ஏலே, நம்ம ஊர்ல யாருலே வந்து கேக்கப் போறா?”

ரோசம்மா கேட்டது

கேட்டது ரோசம்மா. டெய்லர் கடை வைத்திருப்பவர். எங்கள் பீடத்துத் துணியெல்லாம் அவர் தைத்ததுதான். கணவர் இல்லை. ஒரே மகன் ஜெரோம், பெங்களூரில் வேலை. மூன்று வருஷமாக அவனுக்குப் பெண் பார்க்கச் சொல்லி என்னை அரித்துக்கொண்டிருந்தார். நானும் இரண்டு இடம் சொன்னேன். அவன் இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டான்.

அன்று வந்தவர், “சாமி, இனிமே பொண்ணு பாக்க வேண்டாம்” என்றார். கண்ணன் என்று ஒரு புளியங்குடிப் பையன் ஐந்து வருஷமாக ஜெரோமோடு இருக்கிறான். கூட வேலை பார்க்கிறவன் என்றுதான் இவர் நினைத்திருந்தாராம். போன மாதம் மகனே சொல்லிவிட்டான். “சனிக்கிழமை ரெண்டு பேரும் வாராங்க. மந்திரிச்சு விடுங்க சாமி.”

கேட்கவேண்டியது அவர்கள், தாய் கேட்டால் செல்லுமா? அவன் இந்துப் பையன், அதற்கு என்ன விதி? நான் விரல் மடக்கி விதிகளை எண்ணுவதைப் பார்த்து அவர் எழுந்துவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “அழாதீங்கம்மா” என்றேன். அவர் கண்ணில் தண்ணீரே இல்லை. “அழுது முடிச்சிட்டுத்தான் சாமி இங்க வந்திருக்கேன்.”

சனிக்கிழமை

கல்யாணம் மாதிரித் தெரியக்கூடாது என்று நான் பூசை உடுப்புகூடப் போடவில்லை. ரோசம்மா பட்டுச்சேலை கட்டி, இரண்டு முழம் பிச்சிப்பூவோடு வந்தார். பூவைப் பார்த்ததும் எனக்கு வேர்த்தது. அவரே புரிந்துகொண்டு அதைக் கொண்டுபோய் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார். கண்ணன் கைகட்டி நின்றான். ஜெரோம் கதவுப் பக்கமே நின்றான்.

“நாளைக்குப் பூசையில எல்லார் முன்னாலயும் குடுப்பீங்களா சாமி?” என்றான் ஜெரோம்.

“முடியாதுப்பா.”

“புது பைக்குக்குக் குடுக்கீங்கல்லா? கோயில் வாசல்ல, எல்லாரும் பாக்க?”

நான் தீர்த்தச் செம்பை நகர்த்தி வைத்தேன். “அப்போ எனக்கு வேண்டாம்” என்று வெளியே போய்விட்டான். நான் கண்ணனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். ரோசம்மா மட்டும் பட்டுச்சேலை கசங்க முழங்காலிட்டார். “எனக்குக் குடுங்க சாமி. எனக்கு மனசு ஒரு நிலையில இல்ல.”

அதற்கு எந்த விதியும் தடை இல்லை. கையை உயர்த்தினேன். கண்ணன் மெதுவாக அவர் பக்கத்தில் முழங்காலிட்டான். எழுதி வைத்திருந்த ஜெபம் மறந்துபோயிற்று. ‘இவர்களைக் காத்தருளும்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் பின்னால் ஜெரோம் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று நான் கவனிக்கவில்லை. ஒருவருக்கு ஒரு சிலுவையாகப் போடுவதா, எல்லோருக்கும் சேர்த்தா என்று தெரியாமல், கை எட்டிய அகலத்துக்கு ஒரே சிலுவையாகப் போட்டேன். ஜெபத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். கண்ணன் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்து, பின்னால் திரும்பிப் பார்த்தான். ஜெரோம் குனிந்து அவன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: “ஆமென்னு சொல்லுல.”

பந்திக்கு அழைப்பு

மறுநாள் பூசை முடிந்து வாசலில் நின்றேன். பங்குப் பேரவைப் பெரியவர் மரியதாஸ் அண்ணாச்சி, “நேத்து ரோசம்மா பட்டு உடுத்தி வந்தாளாமே, என்ன விசேஷம்?” என்றார். “சும்மா, ஜெபம் பண்ணினோம்” என்று மழுப்பினேன். பொய் இல்லை, ஆனாலும் நாக்கு கசந்தது. பக்கத்தில் நின்ற ரோசம்மா சத்தமாகவே சொல்லிவிட்டார், “என் பிள்ளையளுக்குச் சாமி மந்திரிச்சாரு” என்று. ஒற்றைப் பிள்ளைக்காரி பன்மையில் பேசினதை வாசலில் நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

அதன்பிறகு நாலைந்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லுவதில்லை. ரோசம்மா கடைக்குச் சிலர் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர் அதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. மரியதாஸ் அண்ணாச்சி சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “கல்யாணப் பூசைக்கு வேற சாமியாரைச் சொல்லியிருக்கோம். நீங்க பந்திக்கு மறக்காம வந்துருங்க சாமி.”

நான் செய்தது சரியா தப்பா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்றாலும், பந்திக்குப் போவதில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.