டாங்க் நிறைந்தால் நின்றுவிடும் கார்

போன ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் கார் நின்றுவிட்டது.

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். ஒரு மாதமாக அது நின்றுகொண்டுதானே இருக்கிறது? வாஸ்தவம். ஆனால் அன்றைக்கு அது நிற்கவே கூடாத நாள். பின் ஸீட்டில் என் மகள் ராஜம் இருந்தாள் — நிறைமாதம். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய மாமியார்!

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜத்தை எண்ணூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். தலைப்பிரசவத்துக்கு அவளை ராயபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்து வர வேண்டும். என் மனைவி கமலம் அறைக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்டும் கொக்கியில் தானே தொங்கிப் பார்த்து, எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

சம்பந்தியம்மாள்தான் இழுத்தடித்தார். "உங்க காரு பாதி வழியில நிக்குதாமே? நானும் கூட வர்றேன். ஒரு தடவை நின்னாலும் ஜட்கா வச்சுத் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன். பிரசவம் இங்கேயே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் கமலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்கு முதல் பிரசவம்... அது தன் கண் முன்னால் நடக்காமல் போய்விடுமோ என்ற பயம். வாசலில் நிற்கும் காரைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள்.

காரின் வியாதி இதுதான். கிளம்பும்போது சமர்த்தாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் ஈளைக்காரர் மாதிரி இருமும். அப்புறம் நின்றுவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றும் நடக்காதது போல் மறுபடி கிளம்பும்.

டோல்கேட்டில் பட்டறை வைத்திருக்கும் மொய்தீன் பாய்தான் என் காருக்கு வைத்தியர். பானட்டைத் தூக்கி, ஒரு பீடி பற்ற வைக்கப் போய், பெட்ரோல் ஞாபகம் வந்து அதைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

"ஆவி, நைனா. இஞ்சின் சூட்டுல பெட்ரோல் கொதிச்சி, குழாயில ஆவி அடைச்சிகினு கீது. நின்னா பம்பு மேல ஈரத்துணி போடு. குளுந்தா ஓடிடும்."

அப்படியே செய்தேன். ஈரத்துணி போட்டால் கால் மணியில் கார் கிளம்பியது. ஆனால் ஒருநாள் துணி கொண்டுபோக மறந்தேன். அன்றைக்கும் கால் மணியில் கிளம்பியது. பனி இறங்குகிற விடியற்காலையில் கடற்கரைக்குப் போனபோதும் நின்றது. பனியில் எந்தப் பெட்ரோல் கொதிக்கும்?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்பது இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எதைக் கண்டாலும் எண்ணுவேன். மாடிப்படி, விளக்குக் கம்பம், மோரில் மிதக்கும் கடுகு... எதுவும் தப்பாது. மைல் கல்லை விடுவேனா? எண்ணிக்கொண்டே வந்ததில் ஒரு விசித்திரம் தெரிந்தது. டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால் நாலாவது மைலிலேயே நிற்கிறது. பாதி டாங்க் என்றால் எட்டு, ஒன்பது மைல் ஓடுகிறது. கால் டாங்க் என்றால் நிற்பதே இல்லை!

பாயிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெட்ரோல் தீந்து நின்ன வண்டிய பாத்துகீறேன். பெட்ரோல் ரொம்பி நிக்குதுன்னு சொல்ற மொத ஆளு நீதான் நைனா. வூட்டுக்குப் போயி மோர் குடிச்சிட்டுப் படு."

காரணம் எனக்கும் தெரியவில்லை. காரணம் தெரிந்தால்தான் காரியம் செய்ய வேண்டுமா? கால் டாங்க் பெட்ரோலோடு எண்ணூருக்குப் போவது, அதே கால் டாங்க்கில் ராஜத்தோடு திரும்புவது... இதுதான் என் திட்டம். கமலத்திடம் மட்டும் சொன்னேன். வேண்டுதல் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

கமலமும் நானும் போகும்போது கார் ஒரு இருமல்கூட இருமவில்லை. எண்ணூரில் வடை பாயசத்தோடு சாப்பாடு. ராஜத்துக்குத் தலை நிறையப் பூ. கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"மாமா, ராஜம் போற வண்டியாச்சேன்னு ரெண்டு டின் பெட்ரோல் வாங்கி டாங்க் கழுத்து வரைக்கும் ரொப்பிட்டேன். இனிமே நிக்காது."

கமலம் என்னைப் பார்த்தாள். நான் கமலத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ள முடியுமா? "ரொம்ப சந்தோஷம்" என்றேன். சம்பந்தியம்மாளுக்குப் பிள்ளையின் கரிசனத்தில் பெருமை தாங்கவில்லை.

எர்ணாவூர் தாண்டியது. நான் மைல் கல்லைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடிகிறதா? திருவொற்றியூருக்குள் நுழையும்போது முதல் இருமல். பிறகு இரண்டு. பிறகு நின்றுவிட்டது.

ஓரமாகப் போன ரிக்ஷாக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, "இன்னா தாத்தா, வண்டிக்கு மூச்சு முட்டுதா?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

நான் இறங்கிப் பானட்டைத் திறந்தேன். கமலம் ஈரத்துணியை நீட்டினாள். சம்பந்தியம்மாளும் இறங்கினார். ஜட்காவுக்குத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"முதல்ல பெட்ரோல் இருக்கான்னு பாருங்க. டின்காரன் என் பிள்ளையை ஏமாத்தியிருந்தா?" என்றார்.

டாங்க் நிறைந்து கிடக்கிறது என்று சொன்னால் நம்புவாரா? காட்டிவிடலாம் என்று பின்பக்கம் போய் டாங்க் மூடியைத் திருகினேன். அசையவில்லை. வேட்டி முனையைச் சுற்றிக்கொண்டு திருகினேன்.

உஸ்ஸ்ஸ்...

வெகுநேரம் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தவன் தலையைத் தூக்கி இழுப்பானே ஒரு மூச்சு — அப்படி ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று! கமலம் பாம்பு என்று இரண்டடி பின்னால் தாவினாள். நான் ஓடிப்போய் காரைக் கிளப்பினேன். ஈரத்துணி போடாமலே, முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது.

ஒரு மாதமாக நாங்கள் முன்னால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். வியாதி பின்னால் இருந்திருக்கிறது.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்து கல்லாகியிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. கமலத்தின் கொண்டை ஊசியை வாங்கிச் சுரண்டினேன். அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. காற்று உள்ளே போவதற்கென்றே போட்ட துளை! பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் பம்பு எவ்வளவுதான் இழுக்கும்? டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே கிடையாது; சீக்கிரமே பெட்ரோல் வராமல் இறுகிவிடுகிறது. கால் டாங்க் என்றால் உள்ளேயே வேண்டிய காற்று இருக்கிறது. நின்ற பிறகு மூடியின் விளிம்பு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போக, அதற்குக் கால் மணி. பேர் வாங்கியது ஈரத்துணி!

"எண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டா எண்ணெய் விழுமா?" என்றார் சம்பந்தியம்மாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

வருஷா வருஷம்தான் சந்தனம் வைக்கிறோம். இந்த வருஷம் மட்டும் என்ன? கமலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடல் காத்துல உதிர்ந்துடுதேன்னு கொஞ்சம் மைதாப் பசை கலந்தேன். போன வருஷம் சம்பந்தியம்மா கேட்டாங்களே, ஏன் உங்க வண்டிக்குப் பூஜையே போடலையான்னு..."

ராஜம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த வேகத்தில் எங்கள் மூன்று பேருக்கும் வேறு பயம் வந்துவிட்டது.

சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. மூடியை வாங்கி, முந்தானையால் துடைத்து, துளையில் வாயை வைத்து ஒரு தடவை ஊதிப் பார்த்தார். எனக்கு அந்த நிபந்தனை ஞாபகம் இருந்தது. கமலத்துக்கும் இருந்தது, அவள் கண் சாலையில் போன ஒரு ஜட்காவின் மேலேயே இருந்தது.

"வண்டி நிக்கலை, சம்பந்தி" என்றார் அவர், என் கையில் மூடியைக் கொடுத்து. "நாமதான் நிறுத்தி வச்சிருந்தோம். ஏறுங்க. புள்ளத்தாச்சி வெயில்ல காயறா."

டோல்கேட்டில் ஒரு நிமிஷம் நிறுத்தி பாயிடம் மூடியைக் காட்டினேன். பார்த்தார், தலையைச் சொறிந்தார், காதிலிருந்த பீடியை எடுத்து மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். ராஜத்தைப் பார்த்ததும், "நல்லபடியா பெத்து எடும்மா" என்றார். அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் அன்பு என்றாலே அடைத்து வைப்பதுதான். ஜுரம் வந்தால் ஜன்னலை அடைக்கிறோம். குழந்தைக்குக் காதை அடைக்கிறோம். வந்த விருந்தாளிக்கு வயிற்றை அடைக்கிறோம். கமலம் அன்பாகப் பொட்டு வைத்தாள். மாப்பிள்ளை அன்பாக டாங்க்கை நிரப்பினார். இரண்டும் சேர்ந்து நடுரோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. இப்போது பிரசவ அறையில் இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன. எண்ணிவிட்டேன். இரண்டும் சாத்தியிருக்கின்றன. ஒன்றையாவது திறக்க வைக்க வேண்டும் என்று பார்க்கிறேன்... சம்பந்தியம்மாளும் எங்களோடுதான் தங்கியிருக்கிறார். அவரிடம்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காரைப் பார்த்தேன். மறுபடியும் சந்தனப் பொட்டு! பதறிக்கொண்டு ஓடினேன். மூடியில் இல்லை, ஒரு சாண் மேலே தள்ளி வைத்திருந்தது.

"எதுக்கு ஓடி வர்றீங்க? இது நெத்தி, அது மூக்கு. எனக்குத் தெரியாதா?" என்றாள் கமலம்.