இரத்மலானையில் எழும்பாத ஒரு பட்டன்

விமான நிலைய டவரில் வேலை என்று சொன்னால் வெள்ளவத்தையில் முக்கால்வாசிப் பேர் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள். "ரெண்டு கையிலயும் மட்டை பிடிச்சு ஆட்டுறது நீங்களோ மிஸ்?" என்று எங்கள் ஒழுங்கையின் மரக்கறிக் கடைக்காரர் ஒருமுறை கேட்டார். அது கீழே நின்று விமானத்தைத் தரிப்பிடத்துக்கு எடுப்பவரின் வேலை. நான் இருந்தது மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள். பார்ப்பது, கேட்பது, பேசுவது, அவ்வளவுதான். யார் ரன்வேயில் ஏறலாம், யார் வானத்தில் காத்திருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வோம். விமானி கேட்டு நடப்பார். இதைக் கடைக்காரருக்கு விளக்கினேன்.

"அப்ப வாயாலயே இறக்குவீங்கள்?"

"ஓம், வாயாலதான்."

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காயை வெட்டத் தொடங்கினார்.

வாயால் இறக்க முடியாமல் போன ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது எழுதப்போகிறேன். டவருக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் சிலர், "லைட் கன்னை நீங்கள் நிஜமாகவே பாவித்திருக்கிறீர்களா?" என்று ஏதோ கற்கால ஆயுதத்தைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்கள். பாவித்திருக்கிறேன் பிள்ளைகளே. கேளுங்கள்.

பஞ்சிகாவத்தைக்காரர்

இரத்மலானை பெரிய விமான நிலையம் அல்ல. காலையிலிருந்து பயிற்சிப் பள்ளிகளின் சின்ன விமானங்கள் சுற்றிச் சுற்றி வரும். கடலை நோக்கி எழும்பி, இடப்பக்கம் திரும்பி, ரன்வேக்கு இணையாக வந்து, மறுபடி இரண்டு தரம் திரும்பி இறங்குவார்கள். இந்தச் சுற்றுக்குச் சேர்க்கிட் என்று பெயர். மாணவர் ஒருவர் முதன்முதலாக ஆசிரியர் இல்லாமல் தனியே பறக்கும்போது ஒரேயொரு சேர்க்கிட்தான் போவார். அவருடைய விமானி வாழ்க்கை அந்தச் சில நிமிடங்களில்தான் ஆரம்பிக்கும், அல்லது அதோடு முடியும்.

அன்று தனியே பறக்க வந்தவர் சிவராஜ். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை, கொட்டாஞ்சேனையில் வீடு. முப்பதைத் தாண்டிய மனிதர்; கூடப் படித்த பொடியன்கள் 'அங்கிள்' என்றே கூப்பிடுவார்கள். ஏற்கனவே இரண்டு முறை தனிப்பறப்புக்கு ஆயத்தமானபோதும், இன்னும் போதாது என்று ஆசிரியர் தள்ளிப்போட்டிருந்தார். இந்த முறையும் சரிவராவிட்டால் கடையோடு இருந்துவிடுவதாக அவர் கன்டீனில் சொன்னது எங்கள் காது வரை வந்திருந்தது. அதனால் அவருடைய விமானம் ரன்வேயில் ஓடத் தொடங்கியபோது நான் கதிரையை விட்டு எழும்பி நின்றேன். என்னோடு வேலையில் இருந்த நிமல் அய்யேயும் எழும்பினார். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன். அவர் எனக்கு மூத்தவர், சிங்களவர், தமிழில் 'வணக்க'த்துக்கு மேல் ஒன்றும் தெரியாது.

விமானம் அழகாகத்தான் எழும்பியது. முதல் திருப்பத்தில் சிவராஜ் ரேடியோவில் அறிவித்தார். நான் பதில் சொல்லப் பட்டனை அமத்தினேன். ஹெட்போனில் கீச்சென்று ஒரு சத்தம். பட்டனை விட்டேன். யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

டவர் ஊமையானது

எங்கள் ரேடியோவை டெலிபோன் என்று நினைக்கக் கூடாது. டவரும் சுற்றியுள்ள எல்லா விமானங்களும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகிறோம். பட்டனை அமத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒன்றாக நடக்காது. ஒருவருடைய பட்டன் அமந்தபடியே இறுகிப்போனால் அவருடைய மூச்சு முதற்கொண்டு எல்லாருக்கும் கேட்கும். அவருக்கு மட்டும் ஒன்றுமே கேட்காது. வேறு யாரும் வாய் திறக்கவும் முடியாது.

மூச்சுக்குப் பிறகு குரல் வந்தது.

"சரி சிவராஜு. ஆயிரம் அடி. ஸ்பீட் சரி. பயமே இல்ல. எதுக்குப் பயம்? யாரு பயந்தது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமல் அய்யே என் முகத்தைப் பார்த்து, "மொக்கத மெயா கியன்னே?" என்றார். என்ன சொல்கிறான் என்று கேட்கிறார். தனக்குத்தானே தைரியம் சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். இத்தனை வருடமும் விமானிகள் பட்டனை அமத்தும் நேரத்தில் சொன்னதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அமத்தாத நேரத்தில் என்ன பேசுகிறார்கள் என்று அறிய எனக்கு எப்போதும் ஒரு ஆவல் இருந்தது. அன்று அது ஓசியில் வந்து விழுந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஒளிப்பானேன்!

அந்த நேரம் பார்த்து அப்ரோச்சிலிருந்து ஹொட்லைன் அடித்தது. தூரத்தில் வரும் விமானங்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் அவர்கள். வடக்கே பலாலி விமான நிலையத்திலிருந்து பயணிகளோடு வந்த விமானம் எங்கள் அலைவரிசைக்கு மாறிப் பார்த்துவிட்டு, ஒரு மனிதர் தமிழில் தன்னோடு தானே கதைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லித் திரும்ப அவர்களிடமே போய்விட்டதாம். இறங்கக் கிட்டத்தில் வந்துவிட்டது. அந்த விமானத்தை நேராக இறக்குகிறோம், அனுமதியை நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். அப்படியானால் சிவராஜ் அது இறங்கும்வரை சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதை எப்படி அவருக்குச் சொல்வது?

நிமல் அய்யே லைட் கன்னைக் கையில் எடுத்தார்.

ரேடியோ செத்துப்போனால் விமானி டவரைப் பார்க்க வேண்டும், டவர் வெளிச்சம் காட்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. சிவப்பு நிலையாக எரிந்தால், இன்னொரு விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. சிவப்பு மினுங்கினால், விமான நிலையம் பாதுகாப்பில்லை, இறங்காதே. பச்சை மினுங்கினால், இறங்குவதற்குத் திரும்பி வா. பச்சை நிலையாக எரிந்தால், இறங்கு. லைட் கன்னின் ஒளி ஒடுக்கமானது. துவக்குப் போலக் குறிபார்த்து விமானத்தின் மேல் பிடிக்க வேண்டும். மற்றப்பக்கம் விமானியும் எங்களைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் வெறும் டோர்ச் லைட்தான்.

சிவப்பு

சிவராஜ் ரன்வேக்கு இணையாக வந்துகொண்டிருந்தார். முறைப்படி அறிவித்தார். பதில் இல்லை. திரும்ப அறிவித்தார்.

"என்னாச்சு? டவர் பேச மாட்டேங்குதே. மிஸ்... மிஸ், இருக்கீங்களா?"

"இருக்கிறன் அப்பா, இருக்கிறன்" என்று கூண்டுக்குள் நின்று உரத்துச் சொன்னேன். யாருக்குக் கேட்கும்?

"ரேடியோ செத்துப்போச்சு. சரி. ரேடியோ செத்தா என்ன செய்யணும்? டவரப் பாக்கணும். லைட்டப் பாக்கணும்."

ஆள் கெட்டிக்காரர் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். நிமல் அய்யே நிலையான சிவப்பை அவர் மேல் பிடித்தார்.

"தெரியுது. செவப்பு. செவப்புன்னா... எறங்காதன்னு அர்த்தம். ஏரோட்ரோம் சரியில்லன்னு அர்த்தம். ஐயோ, அப்ப நான் எங்க போறது? கட்டுநாயக்கவுக்கா?"

இரண்டு சிவப்பையும் ஒன்றாக்கிவிட்டார். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் விமானத்தின் மூக்கு வடக்கே போனது. கட்டுநாயக்கவில் பெரிய ஜெட்களுக்கு நடுவே ரேடியோ இல்லாமல் ஒரு மாணவர் நுழைந்தால் என்ன நடக்கும் என்பது இருக்கட்டும். அதற்கு முன்னமே பலாலி விமானம் தாழ்ந்து வரும் பாதையை அவர் குறுக்கே வெட்டப் போகிறார். அந்த விமானத்துக்குள் எத்தனை குடும்பங்கள்! வெள்ளவத்தைக்கு வருகிறவர்களாகத்தான் பாதிப்பேர் இருப்பார்கள்.

"அய்யே, அவர் வேறு நிலையத்துக்குப் போகப் பார்க்கிறார். பச்சையை மினுக்குங்கோ, உடனே!" என்று கத்தினேன். சிங்களத்தில் கத்தினேனா தமிழில் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. பச்சை மினுங்கத் தொடங்கியது. நான் ஹொட்லைனில் அப்ரோச்சைப் பிடித்து, முன்னால் ஒரு சின்ன விமானம் இருக்கிறது, கண்ணால் பார்த்து வரச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மேலே எழும்பச் சொல்லுங்கள் என்றேன்.

சிவராஜ் டவர்ப் பக்கம் பார்க்கவே இல்லை. அவர் வேறு ஒருவரோடு கதைக்கத் தொடங்கியிருந்தார்.

"கொச்சிக்கடக் கோயில் அந்தோனியாரே, இந்த ஒரு தடவ என்னயத் தரையில எறக்கி விட்டுருங்க. சத்தியமா இனி இந்தப் பொட்டிக்குள்ள ஏறவே மாட்டேன். ஆச இருந்துச்சு, பட்டது போதும். கடையோட கெடக்கிறேன். புள்ளைங்க மேல சத்தியம்."

"பாருங்கோ... இஞ்சால பாருங்கோ மனிசா!" என்று நான் கண்ணாடியில் தட்டினேன். நிமல் அய்யே பச்சையை விமானத்தின் மேலேயே வைத்திருந்தார்.

பிறகு, "ஒரு தடவ பாத்துட்டுப் போவோம்... ஆ! பச்ச. மினுக்குது. மினுக்குனா... திரும்பி வான்னு சொல்றாங்க. வரச் சொல்றாங்கப்பா!" சிறகுகள் இரண்டும் மாறி மாறிச் சாய்ந்தன. கண்டுவிட்டேன் என்பதற்கு விமானி காட்டும் அடையாளம் அது. உடனே அடுத்த கூச்சல்: "அடேயப்பா! அந்தா ஒருத்தன் வர்றானே! அவனுக்குத்தான் அந்தச் செவப்பா? சுத்திக்கிட்டு இருன்னுதான் சொன்னாங்களா? மடையா, சிவராஜு!"

வலப்பக்கம் வளைந்து பாதையை விட்டு விலகினார். பலாலி விமானம் நேராக வந்து இறங்கி, ரன்வேயை விட்டு வெளியேறியது. சிவராஜ் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் வந்தார். வரும்போது யோசனையாகச் சொன்னார்:

"ஆமா, நான் போகப்போறேன்னு இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

நிமல் அய்யேக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். பச்சையை நிலையாகப் பிடித்தபடி அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு, ஆனால் கண்ணில் தண்ணீர். சக்கரம் தரையைத் தொட்டு எஞ்சின் நிற்கும்வரை இரண்டு பேரும் உட்காரவில்லை.

மேலே வந்தவர்

மெக்கானிக் பார்த்துவிட்டு, பட்டனின் ஸ்பிரிங் இறுகிவிட்டது என்றார். அமத்தியது எழும்பவில்லை. புதிய பிள்ளைகளே, தொழில் பாடம் இதுதான். யாருமே பதில் சொல்கிறார்கள் இல்லை, எல்லாரும் செத்துவிட்டார்கள் போல இருக்கிறது என்று தோன்றினால், ரேடியோவைத் திட்ட முதல் உங்கள் கட்டைவிரலுக்குக் கீழே பாருங்கள். ஊருக்கெல்லாம் கேட்கக் கதைத்துக்கொண்டிருப்பது நீங்களாக இருக்கலாம்.

பின்னேரம் சிவராஜ் படியேறி டவருக்கு வந்தார். ஆசிரியர் அவரது தனிப்பறப்பை ஏற்றுக்கொண்டிருந்தார். வழக்கப்படி தலையில் வாளித் தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. நிமல் அய்யேயின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாக,

"எல்லாமே கேட்டுச்சா மிஸ்?"

"ஓம்."

"அந்தோனியாருக்குச் சொன்னதுமா?"

"அதுவும்தான்."

ஈரத் தலையைத் துடைத்தார். "அதான் மிஸ், சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இன்னையோட விட்டுர்றேன். நேந்தா நேந்ததுதான். புள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டேன்."

எனக்கு விசர்தான் வந்தது. "என்ன கதை இது? வடிவா இறக்கினனீங்கள். ரெண்டு தரம் தள்ளிப்போட்டது இண்டைக்குத்தானே சரிவந்தது?"

"நேந்து முடிச்சுத் திரும்பிப் பாக்கிறேன், பச்ச மினுக்குது. அது பதில் இல்லையா மிஸ்?"

"நீங்கள் நேரத் தொடங்க முதலே பச்சை மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. நீங்கள்தான் பாக்கேல்ல. வேணுமெண்டா அய்யேயிட்டக் கேளுங்கோ, கை நோகப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

அவர் திகைத்துப்போய் நிமல் அய்யேயைப் பார்த்தார். நான் சிங்களத்தில் கேட்டுச் சொல்ல, அய்யே தன் தோளைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

"ஆனாலும் சொன்னது சொன்னதுதானே மிஸ்..."

"இஞ்ச பாருங்கோ சிவராஜ். அந்தோனியாருக்கும் உங்களுக்கும் இடையில நான் வரேல்ல. ஆனா அந்த மெசேஜ் என்ர அலைவரிசையிலதான் வந்தது. ஒரு மெசேஜ் சந்தேகமா வந்தா நாங்கள் என்ன கேப்பம்?"

"சே எகெய்ன்."

"ஓம். திருப்பிச் சொல்லு எண்டு கேப்பம். திருப்பிச் சொல்லுமட்டும் அதை வச்சு ஒரு அலுவலும் பாக்க மாட்டம். இப்ப நான் கேக்கிறன். தரையில நிண்டுகொண்டு, பயமில்லாம, அந்தப் பெட்டிக்குள்ள இனி ஏற மாட்டன் எண்டு ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ. சொன்னீங்களெண்டா நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

சிவராஜ் வாயைத் திறந்தார். கீழே இன்னொரு மாணவரின் விமானம் ரன்வே முனைக்கு வந்து நின்றது. என்னிடம் அனுமதி கேட்டது. நான் கொடுத்தேன். அது ஓடி, மூக்கைத் தூக்கி, காலி நகருக்குப் போகும் வீதிக்கு மேலால் கடல்பக்கம் எழும்பும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திறந்த வாயை மூடினார்.

"மிஸ்."

"சொல்லுங்கோ."

"நாளைக்குக் காலையில காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"