கொலிக்வேட்டும் அம்மாவின் நெய்யும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எருத்தேன்பதியிலிருந்து பஸ் ஏறி பாலக்காட்டில் ஆங்கில எம்.ஏ. படித்தேன். என் வகுப்பு நண்பனுக்கு அப்பா அம்மா இருவருமே வாத்தியார்கள். ஆங்கிலம் அவனுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்தது. எனக்கு நூலகத்துப் பழைய அகராதியிலிருந்து, நாளைக்குப் பத்துச் சொல்லாக. கனமான சொற்களாகப் பொறுக்குவேன். லேசானதை அவன் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படிக் கிடைத்ததுதான் 'கொலிக்வேட்'. லத்தீன் வழி வந்த வினைச்சொல், உருக்குவது என்று பொருள். வழக்கொழிந்தது என்றும் போட்டிருந்தது. அதனாலேயே இன்னும் பிடித்துப்போனது. அவனுக்குத் தெரிந்திருக்காதே!

எழுத்து முகாமுக்கு வகுப்பிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். வீட்டு வேலை ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதச் சொன்னார் டீச்சர். எனக்கு அந்த முகாம் வேண்டும். சொல்லும் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, அவன் அடுப்படியிலேயே குத்தவைத்துவிட்டான்.

"எப்ப எறக்கணும்னு எப்படிம்மா தெரியும்?"

"படபடங்குமுங்க தம்பி. அந்தச் சத்தம் அடங்குச்சுன்னா முருங்கத்தழையப் போட்டு எறக்கிர வேண்டியதுதானுங்க. கண்ணுல பாக்கறதில்லீங்க, காதுல கேக்கறது."

அவன் போனை நீட்டிச் சத்தத்தைப் பதிவுசெய்தான். அம்மாவுக்குப் பூரிப்பு.

"பாரு சாமி, எத்தன அக்கறையாக் கேக்கறாங்க! நீ ஒரு நாளாச்சும் கேட்டிருப்பியா?"

நெய்யில் பொரிந்த அந்தத் தழை எப்போதும் எனக்குத்தான். அன்று மொத்தமும் அவன் தட்டுக்குப் போனது.

வகுப்பில் முதலில் நான் வாசித்தேன். 'என் அம்மா வெண்ணெயைக் கொலிக்வேட் செய்கிறாள்' என்று ஆங்கிலத்தில் தொடங்கியதுமே டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடோ, செத்துப்போன சொல்லை எங்கேயிருந்து தோண்டினாய்? அம்மா உருக்கினது வெண்ணெயா, ஈயமா?"

வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அடுத்து அவன் வாசித்தான். அவனும் எங்கள் வீட்டு நெய்யையே எழுதியிருந்தான். எல்லாம் நாலாம் வகுப்புச் சொற்கள். ஆனால் சத்தம் அடங்குகிற இடத்தில் வகுப்பும் அடங்கிப்போனது. முகாமுக்கு அவன்தான்.

"அது எங்க அம்மாடா," என்றேன் வெளியே வந்து.

"நீ உள்ளயே இருந்தியேடா. நீயும் நெய்யப் பத்தித்தான் எழுதறேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சட்டிக்குப் பக்கத்தில்தான் வளர்ந்தேன். அது சத்தம் போடுவது அவன் சொல்லித்தான் தெரிந்தது.

அவன் முகாமுக்குக் கிளம்பும் நாளில், அம்மா ஒரு பாட்டில் நெய்யும் இலையில் மடித்த, நெய்யில் பொரிந்த தழைப் பொட்டலமும் தந்தாள். "அந்தத் தம்பிக்குக் குடுத்துரு சாமி."

நெய்யைக் கொடுத்துவிட்டேன். பொட்டலம் சித்தூர் வருவதற்குள் பஸ்ஸிலேயே காலி.