அறுத்து நட்ட கம்பங்கள்

எழுபதுகளின் நடுவில், மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே இருந்த என் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது. சாலையிலிருந்து நான்கு கம்பங்கள் நட வேண்டும். சிமெண்ட் கம்பம்தான் நல்லது என்றது ஊர். ஆனால் அதை ஏற்றிய லாரி எங்கள் வரப்பில் இறங்காது. எண்ணெய் ஏற்றிய மரக்கம்பமென்றால் ஆட்கள் தோளில் தூக்கிவிடலாம், மழைக்கு உளுக்காது, கறையான் ஏறாது என்று வாதாடி, மரத்தையே வரவழைத்தேன்.

இறக்கிய அன்றே அளந்து நோட்டில் குறித்தேன். ஒவ்வொன்றும் இருபத்தாறு அடி. நடுகிற வாரம் சேலத்தில் எனக்குக் கண் ஆபரேஷன். பொறுப்பை அக்காவின் கணவரான மச்சானிடம் விட்டுப் போனேன்.

ஆறாம் வருஷம் ஆடிக் காற்றில் மூன்றாவது கம்பம் முறிந்து விழுந்தது. மோட்டார் நின்றது. காய் பிடிக்கிற நேரத்தில் நிலக்கடலை தண்ணீரின்றி வாடியது. டீக்கடையில் ஒருவர், "அடுப்புக்குக் கட்டை வேணும்னா இவருகிட்டக் கேளுங்க, காட்டுல நட்டு வெச்சிருக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சானும் சிரித்தார்.

லைன்மேன் குழியைத் தோண்டி அடித்துண்டை எடுத்தார். உள்ளே கறையான் கூடு. வெளிவட்டம் மட்டும் கறுப்பாய், கெட்டியாய் இருந்தது.

"அடியை ரம்பம் போட்டு அறுத்திருக்காங்க. எண்ணெய் ஓரத்துலதானுங்க ஏறியிருக்கும். அறுத்தா நடுமரம் மண்ணுல படுமில்லீங்க?"

இரண்டு துண்டையும் சேர்த்து அளந்தேன். இருபத்து மூன்றரை அடி.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் தீவனத் தொட்டியைத் தாங்கி நான்கு கறுத்த முட்டுக்கட்டைகள். உயரம் இரண்டரை அடி.

"மச்சான், நாலு கம்பத்துலயுமா அறுத்தீங்க?"

"மண்ணுக்குள்ள போறதுதானே மாப்ள, யாரு பாக்கறாங்க? கறையான் ஏறாதுன்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே!"

மோர் கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். திரும்பினேன். டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரத்தின் மேல் விழுந்த பழி நீங்கியிருக்கும். ஆனால் அக்கா அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்திருக்க மாட்டாள். சொல்லவில்லை. அறுத்ததைக்கூட அறியாமை என்று விட்டிருப்பேன். தானே அறுத்தது தெரிந்தும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாரே, அதுதான் ஆறவில்லை.

அடுத்த புதன்கிழமை நான்கையும் மாற்றினோம். மறுபடியும் மரம்தான். அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தோள் கொடுக்க வந்தார்.

"ஆள் போதுமுங்க" என்றேன்.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து மச்சான் என்றே அழைத்தவரை அன்று அப்படி அழைக்கவில்லை.